படிப்புக்குக் கட்டணம் இல்லை; குடியிருக்கத்தான் இடம் இல்லை

ஜெர்மனியில் பல்கலைக் கழகங்களின் குளிர்காலப் பருவம் அக்டோபர் முதல் தேதி தொடங்குகிறது. பாடங்கள் பெரும்பாலும் அம்மாதத்தின் நடுவில்தான் ஆரம்பமாகும். இதையொட்டிய சில வாரங்களில் இந்தியாவிலிருந்து ஆயிரக்கணக்கான மாணவ, மாணவியர் பிராங்க்பர்ட்டிலும் மியூனிக்கிலும் பெர்லினிலும் வந்து இறங்குகிறார்கள். கையில் சேர்க்கைக் கடிதம் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் விசா இருக்கிறது. வங்கியில் சுமார் பன்னிரண்டு லட்சம் ரூபாய்க்குச் சமமான பணமும் இருக்கிறது. ஆனால் அவர்களில் பலருக்குக் கடிதம் வந்து சேரக்கூடிய ஒரு முகவரி இல்லை. அந்த நாட்டில் இந்த ஒன்று இல்லாவிட்டால் மற்ற மூன்றும் பாதிதான் பயன்படும்.

பத்தாண்டுகளுக்கு முன்பு, 2014-15ல், ஜெர்மனியில் படித்த இந்திய மாணவர்கள் பன்னிரண்டாயிரத்துக்குள்தான் இருந்தார்கள். 2022-23 குளிர்காலப் பருவத்தில் அந்த எண்ணிக்கை 43 ஆயிரம் அளவுக்கு உயர்ந்தது. அந்த ஆண்டுதான் சீன மாணவர்களை முந்தி, அயல்நாட்டு மாணவர்களில் இந்தியர் முதலிடத்துக்கு வந்தார்கள். 2024-25ல் சுமார் 59 ஆயிரம் ஆகிவிட்டது. இவர்களில் பெரும்பாலோர் பொறியியல், கணினி, நிர்வாகம் ஆகிய துறைகளில் மேற்படிப்புக்குச் செல்பவர்கள்.

இந்த வெள்ளம் தானாக ஜெர்மனியை நோக்கித் திரும்பவில்லை. மற்ற வாசல்கள் ஒவ்வொன்றாகக் குறுகின. கானடா 2024 ஜனவரியில் மாணவர் அனுமதிகளுக்கு உச்ச வரம்பு கட்டியது. பிரிட்டன் அதே மாதத்திலிருந்து, ஆராய்ச்சி அல்லாத மேற்படிப்பு மாணவர்கள் மனைவி மக்களை உடன் அழைத்து வருவதை நிறுத்தியது. அமெரிக்கா 2025 மே மாதக் கடைசியில் மாணவர் விசா நேர்காணல்களுக்குப் புதிதாக நேரம் ஒதுக்குவதையே சில வாரங்கள் நிறுத்தி வைத்தது. ஜெர்மனியோ, 2024 அக்டோபரில், தேர்ச்சி பெற்ற இந்தியத் தொழிலாளர்களுக்கான விசாவை ஆண்டுக்கு 20 ஆயிரத்திலிருந்து 90 ஆயிரமாக உயர்த்தப் போவதாக அறிவித்தது. அங்கே பிறப்பு குறைந்து, வேலைக்கு ஆள் இல்லாத நிலை. படித்து முடித்தவர்கள் வேலை தேடப் பதினெட்டு மாதம் தங்கலாம் என்றும் விதி இருக்கிறது.

எனவே மாதுங்காவிலும் செம்பூரிலும் டோம்பிவிலியிலும், கம்பெனி குமாஸ்தாவின் மகனுக்கும், மில் மூடிய பின் வாட்ச்மேன் வேலைக்குப் போனவரின் மகளுக்கும்கூட ஜெர்மனி எட்டும் என்ற பேச்சு எழுந்திருக்கிறது. "அங்கே படிப்பு இலவசம்" என்பதுதான் அந்தப் பேச்சின் முதல் வாக்கியம். அது பொய் அல்ல. ஆனால் முழுக் கணக்கும் அல்ல.

இலவசம் என்றால் எது வரை?

அரசுப் பல்கலைக் கழகங்களில் பெரும்பாலானவை கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. பருவத்துக்கு நூறு முதல் நானூறு யூரோ வரை ஒரு தொகை மட்டும் கட்ட வேண்டும். பல இடங்களில் அதிலேயே பஸ், ரயில் பயணமும் அடக்கம். ஆனால் விதிவிலக்குகள் பெருகி வருகின்றன. ஸ்டுட்கார்ட், ஹைடல்பர்க், கார்ல்ஸ்ரூ ஆகிய நகரங்கள் அடங்கிய பாடன்-உர்ட்டம்பர்க் மாநிலம், ஐரோப்பிய யூனியனுக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் 2017 முதல் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக் கழகம் 2024-25லிருந்து பருவத்துக்கு 2,000 முதல் 6,000 யூரோ வரை விதித்துவிட்டது. தனியார் பல்கலைக் கழகங்கள் தனி. ஆண்டுக்குப் பத்தாயிரம் யூரோவுக்கு மேல் கேட்பவையும் அவற்றில் உண்டு. இங்குள்ள தரகு நிலையங்கள் தனியார் பெயர்களையே முதலில் நீட்டுவதற்குக் காரணம் கமிஷன். ஜெர்மானியப் பல்கலைக் கழகங்களின் பரிமாற்ற அமைப்பான டி.ஏ.ஏ.டி. தகவல்களை இலவசமாகவே தருகிறது. அங்கே கேட்டறிந்த பிறகு தரகரிடம் போவது நல்லது. பல சமயம் தரகரே தேவைப்பட மாட்டார்.

கட்டணம் இல்லை என்றாலும், கட்டணத்தின் இடத்தில் ஒரு சுவர் நிற்கிறது. மாணவன் ஓராண்டுக்கு உண்டு உறங்கப் போதிய பணம் தன்னிடம் இருப்பதாகக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து அந்தத் தொகை 11,904 யூரோ. அதை முன்கூட்டியே ஒரு முடக்கக் கணக்கில் போட்டுவிட வேண்டும். மாணவன் அங்கு போய்ச் சேர்ந்த பிறகு மாதம் 992 யூரோ வீதம்தான் அதிலிருந்து வெளிவரும். பணம் அவனுடையதுதான், அரசாங்கம் எடுத்துக் கொள்வதில்லை. ஆனால் மொத்தமாக எடுக்கவும் முடியாது.

இதில் நாணய மாற்று விலை செய்யும் வேலையைக் குடும்பங்கள் கவனிப்பதில்லை. 2025 தொடக்கத்தில் ஒரு யூரோ 90 ரூபாய் அளவில் இருந்தது. அந்த ஆண்டிலேயே அது நூறைத் தாண்டியது. 90 என்றால் முடக்கத் தொகை பத்து லட்சத்து எழுபதாயிரம். 100 என்றால் பதினொரு லட்சத்துத் தொண்ணூறாயிரம். ஜனவரியில் விண்ணப்பம் போட்டு ஆகஸ்டில் பணம் கட்டிய வீட்டுக்கு, ஒருவரும் ஒன்றும் செய்யாமலே ஒரு லட்சத்துக்கு மேல் கூடிவிட்டது.

வங்கிக் கல்விக் கடனிலும் ஒரு கோடு இருக்கிறது. பொதுவான திட்டத்தின்படி, அரசின் உத்தரவாத நிதியின் பேரில் ஏழரை லட்சம் வரை சொத்து ஈடு இல்லாமல் கிடைக்கும். அதற்கு மேல் என்றால் ஈடு கேட்பார்கள். முடக்கத் தொகை ஒன்றே அந்தக் கோட்டைத் தாண்டி நிற்கிறது. மீதிக்குப் பிராவிடண்ட் பண்டு, நகை, ஊரில் உள்ள நிலம் என்று கை போகிறது. ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேல் சொந்தப் பணத்தை வெளிநாட்டுக்கு அனுப்பினால் வங்கி முன்கூட்டியே வரி பிடித்துக் கொள்ளும். அதைப் பின்னர் வருமான வரிக் கணக்கில் சரிசெய்து கொள்ளலாம் என்றாலும், பணம் தேவைப்படும் மாதத்தில் அது கையில் இராது. கல்விக் கடனாக அனுப்பும் தொகைக்கு 2025 ஏப்ரலிலிருந்து இந்தப் பிடித்தம் இல்லை.

சுற்றி வரும் காகிதம்

ஆபீஸ் காகிதங்களோடு பழகியவர்களுக்கு அடுத்த விஷயம் எளிதில் புரியும். ஜெர்மனியில் ஒரு வீட்டில் குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். இது உள்நாட்டார், அயல்நாட்டார் எல்லோருக்கும் பொதுவான சட்டம். பதிவதற்கு, "இவர் என் வீட்டில் குடியிருக்கிறார்" என்று வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் வேண்டும். வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது.

இந்தப் பதிவுச் சான்றின் மேல்தான் மற்ற எல்லாம் ஏறி நிற்கிறது. பல வங்கிகள் கணக்குத் திறக்க இதைக் கேட்கின்றன. முடக்கக் கணக்கின் மாதப் பணம் வந்து விழ ஒரு சாதாரணக் கணக்கு வேண்டும். வேலை பார்க்க வேண்டுமானால் வரி எண் வேண்டும். அது பதிவுக்குப் பிறகு தபாலில் வருகிறது. விசா சில மாதங்களுக்குத்தான். அது முடிவதற்குள் அயல்நாட்டார் அலுவலகத்தில் குடியிருப்பு அனுமதி வாங்க வேண்டும். எந்த ஊர் அலுவலகத்துக்கு மனுப் போடுவது என்பதையும் பதிந்த முகவரியே தீர்மானிக்கிறது.

அதாவது, அறை இல்லாவிட்டால் பதிவு இல்லை. பதிவு இல்லாவிட்டால் பல வங்கிகளில் கணக்கு இல்லை. கணக்கு இல்லாவிட்டால் மாதப் பணம் இல்லை. மாதப் பணம் இல்லாவிட்டால் அறைக்கு முன்பணம் இல்லை. முதல் வாரங்களில் மாணவன் இந்த வட்டத்துக்குள் நின்று கொண்டு, எந்த இடத்தில் அறுக்கலாம் என்று பார்க்கிறான். பாஸ்போர்ட்டை மட்டும் பார்த்துக் கணக்குத் திறக்கும் சில இணைய வங்கிகள் இருப்பதால் சிலர் அங்கே அறுத்துக் கொள்கிறார்கள். ஆனால் மற்ற காகிதங்களுக்கு அது உதவாது.

பெர்லின் போன்ற பெரிய நகரங்களில் பதிவு அலுவலகத்தில் நேரம் கிடைக்கவே வாரக்கணக்கில் ஆவது உண்டு. அனுமதி அலுவலகங்களிலும் அதே நெரிசல். விசா முடிவதற்கு முன் மனுப் போட்டுவிட்டால், முடிவு வரும் வரை தங்கியிருப்பது சட்டப்படி சரியே என்று ஒரு தற்காலிகச் சான்று தருவார்கள். மனுவைத் தாமதித்தவனுக்கு அந்தக் காப்பு உறுதியில்லை.

தபாலைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த நாட்டில் அறை எண்ணைப் பார்த்துத் தபால்காரர் கடிதம் போடுவதில்லை. தபால் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்தே போடுகிறார். பெயர் ஒட்டாதவனின் வரி எண், வங்கி அட்டை, அனுமதி அலுவலகத்தின் கடிதம் எல்லாம் அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். ஒரு துண்டுக் காகிதத்தில் பெயரை எழுதி ஒட்டுவது முதல் நாள் வேலை என்பதை நண்பர்கள் சொல்லித்தான் பலர் தெரிந்து கொள்கிறார்கள்.

பெயர் என்றதும் தமிழர்களுக்கே உரிய ஒரு தொல்லை நினைவுக்கு வரும். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தகப்பனார் பெயரின் முதல் எழுத்துத்தான் உண்டு. மகாராஷ்டிரத்துச் சான்றிதழ்களில் குடும்பப் பெயர், சொந்தப் பெயர், தகப்பனார் பெயர் என்ற வரிசை. அந்தக் கட்டத்தை நிரப்பப் பாட்டனார் பெயரோ ஊர்ப் பெயரோ சில வீடுகளில் ஏறிவிடுகிறது. பாஸ்போர்ட்டில் வேறொரு விதமாக விரிகிறது. இங்கே இதை ஒரு பிரமாணப் பத்திரத்தில் சரிக்கட்டி விடலாம். அங்கே இன்ஷூரன்ஸ் அட்டையில் ஒரு பெயரும் பல்கலைக் கழகப் பட்டியலில் வேறு பெயருமாக இருந்தால், இரண்டு ஆட்களாகவே கருதப்படும் அபாயம் உண்டு. புறப்படுமுன் எல்லாத் தாள்களிலும் ஒரே எழுத்துக்கூட்டல் இருக்கும்படி செய்து கொள்வதற்குச் செலவு அதிகம் இல்லை, மாதங்கள்தான் ஆகும்.

குளிர் வாடகையும் சூடான வாடகையும்

அறை ஏன் கிடைப்பதில்லை? அரசு ஆதரவில் நடக்கும் மாணவர் விடுதிகளே மலிவு. ஆனால் நாட்டிலுள்ள மாணவர்களில் பத்தில் ஒருவருக்குக்கூட அவற்றில் இடம் இல்லை. காத்திருப்போர் பட்டியல் மாதக்கணக்கில், சில ஊர்களில் பருவக்கணக்கில் நீளுகிறது. மற்றவர்கள் மூன்று நான்கு பேர் சேர்ந்து எடுத்த வீட்டில் ஓர் அறையைப் பிடிக்க வேண்டும். மியூனிக்கில் அப்படிப்பட்ட ஓர் அறைக்கு 700, 800 யூரோ. கிழக்கிலுள்ள கெம்னிட்ஸ் போன்ற ஊர்களில் 300 அளவில் கிடைக்கலாம். பல்கலைக் கழகத்தின் பெயரைப் பார்ப்பவர்கள் ஊரின் வாடகையையும் பார்க்க வேண்டும் என்பதற்கு இந்த வித்தியாசமே போதும். மாதம் 992 யூரோ என்பது நாடு முழுவதற்கும் ஒரே தொகை. வாடகை அப்படி அல்ல.

விளம்பரங்களில் இரண்டு வாடகைகள் இருக்கும். வெறும் இடத்துக்கு மட்டும் கொடுப்பது குளிர் வாடகை. கணப்பு, தண்ணீர், கட்டடப் பராமரிப்பு எல்லாம் சேர்ந்தது சூடான வாடகை. குளிர் வாடகையைப் பார்த்துச் சரி என்று சொன்னவன் முதல் மாதத்திலேயே திகைப்பான். முன்பணமாகக் குளிர் வாடகையைப் போல் மூன்று மடங்கு வரை கேட்கலாம். அதற்கு மேல் கேட்கச் சட்டம் இடம் தரவில்லை. அந்த முன்பணத்தையும் மூன்று மாதத் தவணையில் கட்டும் உரிமை குடித்தனக்காரருக்கு உண்டு. அயல்நாட்டு மாணவர்களில் எத்தனை பேர் இதைக் கேட்கத் துணிவார்கள் என்பது வேறு விஷயம்.

இந்த நெருக்கடியில்தான் மோசடிக்காரர்கள் வலை விரிக்கிறார்கள். அழகான அறையின் படம், குறைந்த வாடகை, வீட்டுக்காரர் வெளியூரில் இருக்கிறாராம், முன்பணத்தை அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்பி வைப்பாராம். மும்பையில் பகடி கொடுத்து ஏமாந்த கதைகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளும் இதில் விழுகிறார்கள். காரணம், விமான டிக்கெட் எடுத்தாகிவிட்டது. இறங்கி எங்கே போவது என்ற பயம். நேரில் பார்க்காத அறைக்கு, அல்லது அங்கேயே உள்ள நம்பகமான ஒருவர் போய்ப் பார்க்காத அறைக்கு, பணம் அனுப்புவதைவிட இரண்டு வாரம் தங்கும் விடுதியில் பணம் செலவழிவது மேல். அறை உண்மையானதாகவே இருந்தாலும், "இங்கே பதிவு செய்ய முடியாது" என்ற நிபந்தனையோடு உள்வாடகைக்கு விடுபவர்களும் உண்டு. கூரை கிடைத்தது, முகவரி கிடைக்கவில்லை. மேலே சொன்ன வட்டம் அப்படியே இருக்கும்.

சின்னச் செலவுகளையும் கூட்டிப் பார்க்கலாம். மருத்துவ இன்ஷூரன்ஸ் கட்டாயம். முப்பது வயதுக்கு உட்பட்ட மாணவருக்கு மாதம் 150 யூரோவை ஒட்டி வரும். வானொலி, டெலிவிஷன் பெட்டி வீட்டில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வீட்டுக்கு மாதம் 18 யூரோ 36 சென்ட் ஒளிபரப்புக் கட்டணம் உண்டு. 500 யூரோ அறையில் இருப்பவனுக்கு இவை போக முன்னூற்றுச் சொச்சம் மிஞ்சும். சாப்பாட்டுக்குப் போதும். மியூனிக்கில் 800 யூரோ அறையில் இருப்பவனுக்கு, சாப்பாட்டுக்கு முன்பே கணக்கு முடிந்துவிடுகிறது.

நம் ரயில்வே ஊழியர்களுக்குச் சுவாரசியமான ஒன்று: அங்கே பெரும்பாலான ஸ்டேஷன்களில் டிக்கெட் வாசல் கிடையாது. யார் வேண்டுமானாலும் பிளாட்பாரத்துக்குப் போகலாம். பரிசோதகர் வண்டிக்குள் வருவார். டிக்கெட் இல்லாதவருக்கு 60 யூரோ. நாடு முழுவதும் செல்லும் மாத டிக்கெட் ஒன்று 2023 மே மாதத்தில் 49 யூரோவுக்கு வந்தது; 2026 ஜனவரியில் 63 யூரோ ஆகிவிட்டது. பல பல்கலைக் கழக மாணவர்களுக்கு அது சலுகை விலையில் கிடைக்கிறது. ஆனால் அது உள்ளூர், வட்டார வண்டிகளுக்கு மட்டும். "நாடு முழுவதும்" என்ற சொல்லை நம்பி அதிவேக நெடுந்தூர வண்டியில் ஏறுபவன் அபராதத்தில் முடிவான். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும் என்பதும் சட்டம். பெரிய ஸ்டேஷன்களில் உள்ளவை தவிர. சனிக்கிழமை இரவு வந்து இறங்குபவன் அரிசி வாங்கத் திங்கட்கிழமை வரை பொறுக்க வேண்டும்.

வேலையை நம்பலாமா?

"முதல் வருஷப் பணத்தை எப்படியாவது திரட்டிவிடு, மீதியைப் பையன் பகுதிநேர வேலை பார்த்துச் சமாளிப்பான்" என்பது இங்கே பல வீடுகளில் போடும் திட்டம். சட்டம் அதற்கு ஓரளவு இடம் தருகிறது. 2024 மார்ச்சிலிருந்து ஆண்டுக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள் வேலை பார்க்கலாம். 2026 ஜனவரி முதல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13 யூரோ 90 சென்ட். காகிதத்தில் கணக்கு நன்றாகவே வருகிறது.

ஆனால் முதல் வாரங்களில் வரி எண் இல்லை. பாடம் இங்கிலீஷில் இருக்கலாம். ஹோட்டல் சமையலறையிலும் பண்டக சாலையிலும் மேஸ்திரி பேசுவது ஜெர்மன். அலுவலகக் கடிதங்களும் ஜெர்மன் மொழியில்தான் வரும். வேலை கிடைக்க இரண்டு மூன்று மாதம் ஆனால் அது மோசமான நிலை அல்ல, சாதாரண நிலை. மொழி தெரிந்தவனுக்கு இந்தக் காலம் பாதியாகக் குறையக்கூடும். மும்பையிலும் பூனாவிலும் மாக்ஸ் முல்லர் பவன் இருக்கிறது. விசாவுக்காகக் காத்திருக்கும் மாதங்களை அங்கே கழித்தவர்கள் நஷ்டப்பட்டதில்லை.

இரண்டாவது, முடக்கத் தொகை ஓராண்டுக்கு மட்டுமே. மேற்படிப்பு இரண்டு ஆண்டு. குடியிருப்பு அனுமதியை நீட்டிக்கும்போது மறுபடியும் பணம் இருப்பதைக் காட்ட வேண்டியிருக்கும். ஆகவே குடும்பம் யோசிக்க வேண்டிய தொகை பன்னிரண்டு லட்சம் அல்ல. அந்தப் பன்னிரண்டு லட்சமும் முதல் வாரங்களில் கையில் இராது; விடுதி, முன்பணம், முதல் மாத வாடகை, சாப்பாடு ஆகியவற்றுக்கு ஒன்றரை, இரண்டு லட்சமாவது தனியாக எடுத்துச் செல்ல வேண்டும். இரண்டாம் ஆண்டுக்கு ஒரு வழி, முழுதும் இல்லாவிட்டாலும் பாதியாவது, புறப்படுமுன் தெரிந்திருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் பிள்ளையை ஏற்றிவிடுவது, முன்பதிவு இல்லாத டிக்கெட்டில் கௌஹாத்தி வரை அனுப்புவது போன்றது. போய்ச் சேரவும் கூடும்.

ஜெர்மானிய அரசாங்கத்தின் பங்கையும் இங்கே சொல்லாமல் விட முடியாது. 1959ல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு சென்னையில் ஐ.ஐ.டி. தொடங்கியபோது, அங்கே பயிற்சிக்குச் சென்ற ஆசிரியர்கள் இரு அரசுகளின் ஒப்பந்தத்தின் பேரில் சென்றார்கள். இன்று செல்பவர்கள் தங்கள் சொந்தக் கடனில் செல்கிறார்கள். நாட்டுக்கு ஆள் தேவை என்று அழைக்கும் அரசாங்கம், வருபவனிடம் பணம் இருக்கிறதா என்று பைசா சுத்தமாகப் பார்க்கிறது. 2022 நவம்பரிலிருந்து இந்தியர்களின் சான்றிதழ்களைத் தனியாகச் சரிபார்த்து, அதற்கு 18 ஆயிரம் ரூபாய் வாங்குகிறது. தங்க இடம் இருக்கிறதா என்ற கேள்வியை மட்டும் சந்தைக்கு விட்டுவிடுகிறது. விசா மறுக்கப்பட்டால் கட்டணமின்றி மறுபரிசீலனை கேட்கும் வழியும் 2025 ஜூலை முதல் தேதியோடு எடுக்கப்பட்டுவிட்டது. இனி புதிதாக விண்ணப்பிக்கலாம். அல்லது பெர்லின் நீதிமன்றத்துக்குப் போகலாம். குமாஸ்தா வீட்டுப் பிள்ளை எதைச் செய்வான் என்று சொல்ல வேண்டியதில்லை.

2025ல் பெர்லினில் நடந்த ஒன்று இன்னும் கவலை தருவது. அங்கே ஒரு தனியார் பல்கலைக் கழகத்தில் சேர்ந்த இந்திய மாணவர்கள் சிலரிடம், உங்கள் படிப்பு பெரும்பாலும் இணையத்தில் நடக்கிறது, அதற்கு இந்த நாட்டில் குடியிருக்கத் தேவையில்லை என்று குடியேற்ற அலுவலகம் கூறி, வெளியேறும்படி உத்தரவிட்டது. கட்டணம் கட்டியாகிவிட்டது, கடனும் வாங்கியாகிவிட்டது. வகுப்பு நேரில் நடக்குமா, எத்தனை மணி நேரம் நடக்கும் என்பதைச் சேர்க்கைக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குவது தனியார் பல்கலைக் கழகங்களில் சேருவோருக்கு இனி அவசியம்.

இத்தனைக்கும் பிறகும், கணக்கில் ஜெர்மனியே மலிவு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கானடாவில் 2025 செப்டம்பரிலிருந்து, முதலாண்டுக் கல்விக் கட்டணமும் பயணச் செலவும் போக, வாழ்க்கைச் செலவுக்கு மட்டும் 22,895 கானடா டாலர் காட்ட வேண்டியிருக்கிறது. அரசுப் பல்கலைக் கழகத்தில் இடம், வாடகை குறைந்த ஊர், ஓரளவு மொழி, தனியாக ஒரு முதல்மாதப் பணம் என்று நான்கும் சேர்ந்தவனுக்கு அங்கே போவதில் நியாயம் இருக்கிறது.

அடுத்த கோடைப் பருவம் ஏப்ரல் முதல் தேதி தொடங்கும். அதற்கு விண்ணப்பிக்கப் பல பல்கலைக் கழகங்களில் ஜனவரி 15 கடைசி நாள். குளிர்காலப் பருவத்துக்கு ஜூலை 15. ஆனால் அயல்நாட்டாருக்கு இன்னும் முந்திய தேதி வைத்திருக்கும் துறைகளும் பல. மாணவர் விடுதிக்கான மனுவைச் சில ஊர்களில் சேர்க்கைக் கடிதம் வருமுன்பே வாங்கிக் கொள்கிறார்கள். சில ஊர்களில் கடிதம் வந்த அன்றே போட வேண்டும்.